குரல் உடைவதற்கு வேகக் குறைவு காரணமல்ல

வீட்டு வைஃபை வழியே பேசும் தொலைபேசி இன்று மூன்று உருவங்களில் புழங்குகிறது. கைபேசியிலேயே அமைந்த வைஃபை காலிங் முதலாவது. இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் இதைத் தொடங்கின. வாட்ஸ்ஆப் போன்ற செயலிகளின் அழைப்பு இரண்டாவது. எஸ்.ஐ.பி. என்னும் இணையத் தொலைபேசிக் கணக்கைப் பதிந்துகொண்டு வைஃபையில் இயங்கும் தனித் தொலைபேசி மூன்றாவது. உருவம் வேறானாலும் வழி ஒன்றே. பேச்சு எண்களாக மாறுகிறது. சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகிறது. வானலையில் ரவுட்டரை அடைகிறது. அங்கிருந்து ஃபைபரிலோ செம்புக் கம்பியிலோ வெளியேறுகிறது.

மூன்றிலும் மக்கள் சொல்லும் குறையும் ஒன்றுதான்: குரல் உடைகிறது, பாதிச் சொல் காணாமல் போகிறது, ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவருக்குக் கேட்கிறது. இதற்கு எல்லோரும் கூறும் காரணமும் ஒன்றே: "நெட் ஸ்பீடு பத்தவில்லை." எல்லோரும் கூறும் மருந்து, அடுத்த பெரிய பிளானுக்கு மாறுவது. கடைக்காரர், பக்கத்து வீட்டார், வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுபவர் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். மாதக் கட்டணம் கூடுகிறது. குரல் பழையபடியே உடைகிறது. இந்தக் காரணமும் தவறு, மருந்தும் தவறு. வீட்டுத் தொலைபேசிக் குரலுக்கு வேண்டியது வேகம் அல்ல, நேரம் தவறாமை. அந்த ஒழுங்கு பெரும்பாலும் கெடுவது வெளியே போகும் கம்பியில் அல்ல, வீட்டுக்குள் உள்ள வானலையில்.

முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். தொலைபேசிக் குரலுக்கான ஜி.711 என்ற உலகத் தரம் 1972இல் வந்தது. அது குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறது. ஆக விநாடிக்கு 64 கிலோபிட். இதை 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும் 40 பைட் முகவரித் தலைப்பும் இருக்கும். விநாடிக்கு 50 பொட்டலங்கள். மொத்தம் 80 கிலோபிட். கம்பிவழி வலையமைப்பின் உறையையும் சேர்த்தால் 87 கிலோபிட்டைச் சற்றே தாண்டும். ஒரு திசைக்கு இவ்வளவுதான். பின்னாளில் வந்த குரல் முறைகளுக்கு இதைவிடக் குறைவே போதும். 2012இல் தரமாக்கப்பட்ட ஓபஸ், விநாடிக்கு 6 கிலோபிட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்குகிறது.

இந்த எண்ணை இந்திய இணைப்புகளோடு ஒப்பிட்டால் பொதுக்கருத்தின் பிழை தெரியும். 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, பதிவிறக்க வேகம் 256 கிலோபிட் இருந்தாலே அதை பிராட்பேண்ட் என்றது. அந்தக் குறைந்த அளவே ஒரு குரலின் தேவையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 2023இல் அந்த வரையறை 2 மெகாபிட்டாக உயர்ந்தது. இன்று நகரத்து வீடுகளில் 100 மெகாபிட் இணைப்பு சாதாரணம். அதில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக்கொள்வது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைக்காமல் திணறும் குரலுக்கு இன்னும் இருநூறு மெகாபிட் வாங்கிக் கொடுப்பது, ஒரு குவளைத் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை என்பதற்காக ஏரியை ஆழப்படுத்துவதற்குச் சமம்.

வேகம் கூடினால் பொட்டலம் சீக்கிரம் போய்ச் சேருமே என்று சிலர் வாதிடுவர். இதையும் அளந்து பார்க்கலாம். 200 பைட் கொண்ட ஒரு குரல் பொட்டலம் 1,600 பிட். 30 மெகாபிட் இணைப்பில் அதை அனுப்ப ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 300 மெகாபிட் இணைப்பில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. பத்து மடங்கு வேகத்துக்குப் பணம் கட்டி மிச்சமாவது மில்லி விநாடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. தொலைவினால் வரும் தாமதத்தையோ எந்தப் பிளானும் மாற்றாது. ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லி விநாடி என்பது இயற்கை விதித்த கட்டணம். கட்டணம் கூடிய பிளான் வைத்திருப்பவருக்கும் அதே 5 மில்லி விநாடிதான்.

அப்படியானால் குரலைக் கெடுப்பது எது? மூன்று குறைகள் உண்டு. ஒன்று, தாமதம். பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் சேர்ந்தால் பெரும்பாலான உரையாடல்களில் உறுத்தாது என்றும், வலையமைப்பைத் திட்டமிடும்போது 400 மில்லி விநாடியைத் தாண்டக் கூடாது என்றும் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. இரண்டு, வருகை ஒழுங்கின்மை. பொறியாளர்கள் இதை ஜிட்டர் என்பர். 20 மில்லி விநாடிக்கு ஒன்றாகப் புறப்பட்ட பொட்டலங்கள் 5, 60, 10, 90 என்று தாறுமாறான இடைவெளியில் வந்து சேர்வது. மூன்று, இழப்பு. கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போது ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம். பேச்சில் அதற்கு நேரமில்லை. "நாளை" என்ற சொல்லின் கடைசி எழுத்து அரை விநாடி கழித்து வந்தால் அது குப்பைதான். கருவி அதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஆகவே பேச்சைப் பொறுத்தவரை தாமதமாக வந்த பொட்டலமும் தொலைந்த பொட்டலமும் ஒன்றே. இந்த மூன்றில் எதையும் பிளானின் பெயரில் உள்ள மெகாபிட் எண் சொல்வதில்லை.

இந்த மூன்று குறைகளும் சேர்ந்து குடியிருக்கும் இடம் வீட்டு வைஃபை. அதன் இயல்பே அதற்குக் காரணம். பொதுவாக ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ரவுட்டரும் அதில் அடக்கம். ஒவ்வொரு கருவியும் முதலில் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று உற்றுக் கேட்கிறது. அமைதியாக இருந்தால் ஒரு சிறு நேரம் காத்து, பிறகு அனுப்புகிறது. இரண்டு கருவிகள் மோதிக்கொண்டால் இரண்டும் முன்னைவிட அதிக நேரம் காத்து மறுபடி முயல்கின்றன. ஒரு பொட்டலத்துக்கு வழக்கமாக ஏழு முறை வரை இந்த முயற்சி நடக்கும். திரைப்படம் பார்ப்பவருக்கு இது தெரியாது. அவருடைய கருவி சில விநாடிப் படத்தை முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கிறது. பேசுபவருக்கோ ஒவ்வொரு மறுமுயற்சியும் குரலில் ஒரு கீறல்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொலைவில் இருக்கும் கருவியோ பழைய கருவியோ மெல்லப் பேசுகிறது. 1,500 பைட் பொட்டலம் ஒன்றை 100 மெகாபிட் வேகத்தில் அனுப்ப மில்லி விநாடியில் எட்டில் ஒரு பங்கு போதும். 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 12 மில்லி விநாடி ஆகும். அந்த 12 மில்லி விநாடியும் வீட்டிலுள்ள மற்ற எல்லாக் கருவிகளும் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். மாடியறையில் சிக்னல் எட்டாத மூலையில் கிடக்கும் ஒரு பழைய கைபேசி, கூடத்தில் நடக்கும் பேச்சைக் கெடுப்பது இப்படித்தான். வெளியிணைப்பு 50 மெகாபிட்டானாலும் 500 மெகாபிட்டானாலும் இந்தக் காத்திருப்பு மாறாது.

அலைவரிசையின் நெரிசல் அடுத்தது. பெரும்பாலான வீடுகளில் இன்னும் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை. அதில் ஒன்றோடொன்று உரசாமல் நிற்கக்கூடிய வழக்கமான தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கைபேசியைத் திறந்தால் இருபது வைஃபை பெயர்கள் தெரிவது சாதாரணம். அந்த இருபதும் மூன்று தடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. புளூடூத் அதே பட்டையில் இயங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில், இதே பட்டையின் நடுவில், இரைகிறது. நம் வீடுகளின் கட்டுமானமும் கைகொடுப்பதில்லை. இரும்புக் கம்பி பதித்த காங்கிரீட் தளம், செங்கல் சுவர், இரும்பு பீரோ, கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் அலையைத் தின்கிறது அல்லது திருப்பி அடிக்கிறது. ஃபைபர் இழுக்க வந்தவர் கம்பி எட்டிய முதல் இடத்தில், வாசற்கதவின் மேலோ பரணிலோ டிவி அலமாரிக்குள்ளோ, பெட்டியைப் பொருத்திவிட்டுப் போகிறார். வீட்டின் கடைசி அறையில் படுத்திருக்கும் முதியவர் அங்கிருந்துதான் மகளோடு பேச வேண்டும்.

"சிக்னல் முழுசாகக் காட்டுகிறதே" என்பது பொதுக்கருத்தின் அடுத்த அரண். திரையில் தெரியும் வளைவுகள் ரவுட்டரின் அலை கைபேசிக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. அந்தத் தடத்தில் எத்தனை பேர் நெரிகிறார்கள் என்பதை அவை காட்டுவதில்லை. கைபேசியின் அலை ரவுட்டருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதையும் காட்டுவதில்லை. ரவுட்டர் மின்சாரத்தில் ஓடுகிறது; கைபேசி மின்கலத்தில் ஓடுவதால் பெரும்பாலும் குறைந்த பலத்திலேயே அனுப்புகிறது. அதனால்தான் பல வீடுகளில் அடுத்தவர் குரல் தெளிவாகக் கேட்கிறது, நம் குரல் மட்டும் அவருக்கு உடைந்து போகிறது. இந்த ஒருதலைக் குறையைக் கண்டால் முதலில் கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள தூரத்தையும் சுவரையும் ஐயப்பட வேண்டும்.

மூன்றாவது அரண், வேகச் சோதனை. சோதனையில் 95 மெகாபிட் காட்டினால் இணைப்பு நலம் என்றும், 20 காட்டினால் குரல் கெடுவதற்கு அதுவே காரணம் என்றும் முடிவு கட்டுகிறார்கள். இரண்டும் தவறு. வேகச் சோதனை சில விநாடிகளில் எவ்வளவு சரக்கு வந்தது என்று அளக்கிறது. வழியில் தொலைந்த பொட்டலங்கள் மறுபடி கேட்டு வாங்கப்படுவதால் சிறு இழப்புகள் அந்தக் கணக்கில் கரைந்துவிடுகின்றன. நாளொன்றுக்கு எத்தனை மூட்டை வந்தது என்ற கணக்கிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் குறித்த நிமிடத்தில் வந்ததா என்று சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பில் ஓர் உண்மையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தொலைபேசிக் கம்பி வழி இணையம் வந்த காலத்தில் வேகக் குறைவு உண்மையான காரணமாக இருந்தது. டயல்-அப் மோடத்தின் உச்சம் 56 கிலோபிட்; ஜி.711 குரல் அதில் அடங்கவே அடங்காது. பின்னர் வந்த செம்புக் கம்பி பிராட்பேண்டில் பதிவேற்ற வேகம் மிகக் குறைவு. அன்று நெஞ்சில் பதிந்த விளக்கம் ஃபைபர் வந்த பிறகும் அப்படியே நிற்கிறது. இன்றும் பெரிய பிளானுக்கு மாறிய பிறகு குரல் சீரான வீடுகள் சில உண்டு. அவற்றில் நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். யாரோ ஒருவரின் கைபேசி நூற்றுக்கணக்கான படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ரவுட்டர் அவற்றை வரிசையில் நிறுத்தியது. குரல் பொட்டலமும் அந்த வரிசையின் வாலில் போய் நின்றது. பதிவேற்றம் 1 மெகாபிட்டாக இருந்து, வரிசை 256 கிலோபைட் நீண்டிருந்தால், காத்திருப்பு மட்டும் 2 விநாடியைத் தாண்டும். வேகம் கூடியபோது வரிசை விரைவாகக் கரைந்தது.

ஆனால் நோய் வேகக் குறைவு அல்ல, வரிசையின் நீளம். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-11இல் இதை பஃபர்புளோட் என்ற பெயரில் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் கோடல் என்னும் தீர்வை வெளியிட்டனர். அதன் வளர்ந்த வடிவம் ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை தந்து, நெடுநேரம் தேங்கும் பொட்டலங்களை முன்கூட்டியே விலக்குகிறது. எஸ்.கியூ.எம். என்ற பெயரில் இது பல ரவுட்டர்களின் மென்பொருளில் இருக்கிறது. இதை இயக்கி, வேக வரம்பை இணைப்பின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால், சிறிய பிளானிலும் பேச்சும் பதிவேற்றமும் ஒன்றையொன்று கெடுக்காமல் நடக்கும்.

பெரிய பிளான் குரலைக் கெடுக்கவும் கூடும் என்பதே இந்த வாதத்தின் உச்சம். வரிசை எப்போதும் பாதையின் மிகக் குறுகிய இடத்தில்தான் சேரும். வெளியிணைப்பு 30 மெகாபிட்டாகவும் படுக்கையறை வைஃபை 40 மெகாபிட்டாகவும் இருக்கும்போது குறுகல் வெளியிணைப்பில் இருக்கிறது. வெளியிணைப்பை 300 ஆக்கினால் குறுகல் வைஃபைக்கு இடம் மாறுகிறது. இப்போது பதிவிறக்கங்களின் வெள்ளம் முழுவதும் ரவுட்டரின் வைஃபை வாசலில் தேங்குகிறது; குரல் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. குரலுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூ.எம்.எம். என்ற ஏற்பாடு 2004 முதலே வைஃபையில் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் பொட்டலத்தின் முன்னுரிமைக் குறி பல வலையமைப்புகளைக் கடக்கையில் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடுகிறது. எனவே வரும் குரலுக்கு அந்த ஏற்பாட்டின் பயன் கிடைப்பது அரிது.

சிக்னல் எட்டாத அறைக்கு ரிப்பீட்டர் வாங்கி மாட்டுவதும் இதே பிழையின் கிளை. ஒரே ஒரு வானலைக் கருவி கொண்ட ரிப்பீட்டர், தான் கேட்ட ஒவ்வொரு பொட்டலத்தையும் அதே தடத்தில் மறுபடி சொல்கிறது. காற்றில் ஒரு முறை போக வேண்டியது இரண்டு முறை போகிறது, நெரிசல் இரட்டிக்கிறது. வளைவுகள் கூடும், குரல் குறையும். கம்பி வழியே ரவுட்டரோடு இணைக்கப்பட்ட இரண்டாவது வைஃபை நிலையம் மட்டுமே அந்த அறைக்கு உண்மையான உதவி.

குறை எங்கே என்று அறியப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் சோதனையை, கைபேசியிலோ கணினியிலோ இரண்டு முறை செய்தால் போதும். முதலில் வீட்டு ரவுட்டரின் சொந்த முகவரிக்கு, பிறகு வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு. இரண்டும் குரல் வழக்கமாக உடையும் அதே அறையில், அதே வேளையில். ரவுட்டரிடமிருந்து வரும் பதிலே 5, 80, 200 மில்லி விநாடி என்று துள்ளினால் அல்லது இடையிடையே வராமலே போனால், குறை வீட்டுக்குள். எந்தப் பிளானும் அதைத் தீர்க்காது. ரவுட்டரின் பதில் சீராக இருந்து வெளிப்பதில் மட்டும் துள்ளினால், குறை வெளியே. அப்போது இணைப்பு தருபவரிடம் அந்த எண்களோடு புகார் கொடுக்கலாம். அப்போதும் கேட்க வேண்டியது கூடுதல் வேகம் அல்ல, ஒழுங்கான இணைப்பு.

குறை வீட்டுக்குள் என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை வரிசையாக இவை. அசையாத கருவிகளான டிவி, மேசைக்கணினி, கேமரா பதிவுப்பெட்டி ஆகியவற்றைக் கம்பிக்கு மாற்ற வேண்டும். காற்று அவ்வளவுக்கு விடுபடும். ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து வீட்டின் நடுப்பகுதியில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். பேசும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்ற வேண்டும். அங்கே தடங்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் அந்த அலை சுவரை எளிதில் தாண்டாது. ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ அது பயன்படும். 2.4இலேயே இருக்க நேர்ந்தால் 1, 6, 11இல் நெரிசல் குறைந்த தடத்தைத் தேர்ந்து, தட அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைக்க வேண்டும். இவற்றில் கூடுதலாகச் செலவு பிடிப்பது சில மீட்டர் கம்பி மட்டுமே.

கம்பியில்லாமல் நடந்தபடி பேச வைஃபைதான் வேண்டும் என்ற எண்ணமும் திருத்தத்துக்கு உரியது. பல ஃபைபர் பெட்டிகளின் பின்புறம் தொலைபேசிக்கென ஒரு சிறு துளை இருக்கிறது. இணைப்பு தருபவர் குரல் சேவையும் தந்தால், அதில் சாதாரணக் கார்ட்லெஸ் தொலைபேசியைச் செருகலாம். டெக்ட் தரத்தில் இயங்கும் கார்ட்லெஸ், 10 மில்லி விநாடியை 24 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு அழைப்புக்கும் போக ஒன்று, வர ஒன்று என ஒதுக்கி வைக்கிறது. படம் பதிவிறக்குபவர் அந்தத் துண்டைத் தொட முடியாது. நேரம் தவறாமையைக் கருவியின் அடிப்படையிலேயே கட்டியிருப்பதால், வைஃபையில் தடுமாறும் குரல் அதில் தடுமாறுவதில்லை.

வேகத்துக்கு என்று ஒதுக்கிய பணத்துக்கு இன்னொரு நல்ல செலவும் உண்டு. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் மின்கலங்களிலிருந்து வந்தது. ஊரே இருண்டாலும் அது ஒலித்தது. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் வீட்டு மின்சாரம்தான் உயிர். மின்வெட்டில் அவை அணைந்தால், கைபேசிச் சிக்னல் எட்டாத வீட்டில் அவசர எண்ணான 112ஐ அழைக்கவும் வழியிருக்காது. அந்த இரண்டு பெட்டிகளையும் சில மணி நேரம் தாங்கும் சிறு யு.பி.எஸ்., எந்தப் பெரிய பிளானும் தராத பாதுகாப்பைத் தரும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர், மருத்துவரிடம் நோயைச் சொல்ல முயலும் நோயாளி, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண் ஆகியோருக்குத் தெளிவான குரல் சொகுசு அல்ல, தேவை. அந்தத் தேவையைக் காட்டி அவர்களிடம் மாதந்தோறும் கூடுதல் பணம் வாங்குவது அநீதி. அடுத்த முறை குரல் உடையும்போது பிளானை மாற்றுவதற்கு முன் ரவுட்டருக்கு ஒரு பிங் அனுப்பிப் பாருங்கள். அந்தப் பதில் சீராக வரும்வரை வேகத்துக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கட்டாதீர்கள்.